பழைய பென்ஸுக்கு ஆம்பூர் வைத்தியம்

புது வண்டி வாங்கியவர்கள் இந்தக் கையேட்டைப் படிக்க வேண்டாம். அவர்களுக்கு வாரன்டி இருக்கிறது. பெங்களூரில் ஒரு ஐ.டி. அதிகாரி எட்டு வருஷம் ஓட்டி அலுத்து விற்ற பென்ஸையோ பி.எம்.டபிள்யூ.வையோ ஏறக்குறைய ஒரு புது ஸ்விஃப்ட் விலைக்கு வாங்கிவிட்டு, பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஃபாஸ்டேக் இருந்தும் கண்ணாடியை இறக்கி ஊழியருக்கு வணக்கம் வைக்கிறவர்கள் உண்டல்லவா, அவர்களுக்காக எழுதியது இது.

ஒரு கணக்கை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் விலை இறங்குவது வண்டிக்குத்தான். ஸ்பேர் பார்ட்ஸுக்கு வயசே ஆவதில்லை. பத்து லட்சத்துக்கு வாங்கிய வண்டிக்கும் ஹெட்லைட் விலை கோடி ரூபாய் வண்டியின் ஹெட்லைட் விலைதான். கம்பெனி சர்வீஸுக்குப் போகலாம் என்றால் ஒன்று சென்னை, இல்லாவிட்டால் பெங்களூர். ஆம்பூர் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், வண்டி நின்றுவிட்டால் எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போவது என்பதே வீட்டில் ஒரு வாரப் பேச்சாகிவிடும்.

அப்போதுதான் நம் ஊர்க்காரனுக்கு அந்த எண்ணம் வரும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக உட்கார்ந்து உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிறவர்கள் நாம். ஜெர்மன்காரன் காலில் போடுவதை நாம் தைக்கிறோம், அவன் உட்காருவதைத் தைக்க முடியாதா?

முடியும். எப்படி என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

சீட்: முதலில் அது தோல்தானா?

கிழிந்த சீட்டைத் தைக்கக் கிளம்புமுன் ஒரு பரிசோதனை. சீட்டுக்கு அடியில் கையை விட்டால், உறையை மடித்து உள்ளே மாட்டியிருக்கும் ஓரம் தட்டுப்படும். அதில் ஒரு நகக்கண் அளவு வெட்டி எடுத்து, வண்டியை விட்டு நாலு அடி தள்ளி வந்து, தீக்குச்சியில் காட்டுங்கள். தோலாக இருந்தால் மெதுவாகக் கருகும், முடி பொசுங்குகிற வாடை அடிக்கும். உருகிச் சொட்டுப் போட்டால் பிளாஸ்டிக். இந்த வட்டாரத்தில் தோல் மண்டிப் பக்கம் வளர்ந்த எந்தப் பையனுக்கும் இது தெரியும். ஆனாலும் பென்ஸில் போய் யாரும் இதைச் செய்து பார்ப்பதில்லை. மரியாதைதான் காரணம்.

செய்து பார்த்தவர்களில் பலர் வாய் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள். பென்ஸ்காரன் ‘ஆர்ட்டிகோ’ என்று போட்டிருப்பது செயற்கைத் தோல். பி.எம்.டபிள்யூ.வில் ‘சென்ஸாடெக்’ என்பதும் அதே ஜாதி. நம் ஊர்க் கணக்கில் ரெக்சின். நல்ல ரெக்சின், பெரிய படிப்புப் படித்த ரெக்சின், ஆனாலும் ரெக்சின். ‘லெதர் சீட்’ என்று பட்டியலில் போட்ட வண்டிகளிலும் உடம்பு படும் இடத்தில் மட்டும் தோல் வைத்து, பக்கவாட்டையும் முதுகுப்புறத்தையும் பிளாஸ்டிக்கால் மூடியிருப்பது சகஜம். வாழ்நாள் முழுக்கப் பச்சைத்தோல் வியாபாரம் பார்த்த அத்தா, பிள்ளை வாங்கிவந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, சீட்டைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, “தோலு எங்க இருக்குது இதுல?” என்று கேட்டால் கோபப்படாதீர்கள். வண்டிக்குள் ஏறிய ஒரே நிபுணர் அவர்தான்.

சரி, அசல் தோலே போட்டுவிடலாம் என்று முடிவெடுக்கிறீர்கள். தோல் சதுர அடிக் கணக்கு. நம் பக்கத்து ஆட்டுத்தோல் ஒன்று நாலைந்து சதுர அடி தேறும். சீட், கதவு, கைப்பிடி எல்லாம் சேர்த்து நூறு சதுர அடிக்கு மேல் வேண்டும். ஒரு மந்தையையே உள்ளே ஏற்றினாலும், இணைப்புத் தையல் இல்லாமல் ஒரு முதுகுப்பலகையை மூட முடியாது. மாட்டுத்தோலுக்குப் போனால் வேறு சிக்கல். நம் மாடு வெயிலிலும் வேலியிலும் மேய்ந்தது. முள் கீறல், உண்ணிக் கடி, சூடு போட்ட தழும்பு என்று அதன் வாழ்க்கை வரலாறு முழுவதும் மேலேயே எழுதியிருக்கும். வண்டிக் கம்பெனிகள் தேடுவது கொட்டகையில் நிழலில் வளர்ந்த ஐரோப்பியக் காளையின் தோலை. ஒரே தோல் ஐம்பது சதுர அடிக்குக் கிட்ட வரும். ஷூவுக்கு வெட்டும்போது தழும்பை ஒதுக்கிச் சின்னத் துண்டுகளாக எடுத்துவிடலாம். சீட்டில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. எனக்கென்னவோ தழும்போடு இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது. பின் சீட்டில் உட்காருகிறவருக்கும் பொழுது போகும்.

தையல்: மோசமாகத் தைக்கத் தெரிந்தவர் தேவை

ஆம்பூரில் தையல் மிஷினுக்குப் பஞ்சமில்லை. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் நாம் தோலைப் பாதி பதனிட்டு அப்படியே கப்பலேற்றிக்கொண்டிருந்தோம். 1972-ல் சீதாராமையா குழு, இப்படி மூலப்பொருளாகவே அனுப்பிக்கொண்டிருந்தால் காசு முழுக்க வெளியூர்க்காரனுக்குத்தான் போகும், பொருளாகச் செய்து அனுப்ப வேண்டும் என்றது. அரைகுறைத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கடிவாளம் போட்டது. அதன்பின் தோல் ஷாப்புகளுக்குப் பக்கத்தில் ஷூ கம்பெனிகள் முளைத்தன. காலையில் கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிவருவதும், கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் என்று தமிழே தெரியாத டிபார்ட்மென்டுகளில் அவர்கள் தமிழில் சண்டை போடுவதும் அதன் தொடர்ச்சி. அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புகிற ஊர் இது.

இந்த ஊரில்தான் நீங்கள் பலவீனமான தையல் கேட்டுப் போகப்போகிறீர்கள்.

முன் சீட்டின் வெளி ஓரத்தில், கதவுப் பக்கமாக, ‘ஏர்பேக்’ என்று ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்திருக்கும். உள்ளே ஒரு பை மடித்து வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் மோதினால் நீங்கள் கண் சிமிட்டி முடிப்பதற்குள் அது வெடித்து வெளியே வந்து விலா எலும்புக்கும் கதவுக்கும் நடுவில் நிற்க வேண்டும். வெளியே வர வழி? அந்த ஓரத்துத் தையல்தான். அதற்கென்று தனி நூல், தனி இழுவிசை. சரியான நேரத்தில் அறுந்துபோக வேண்டும் என்றே தைத்தது. இதை நம் டெய்லரிடம் சொல்லிப் பாருங்கள்.

“தம்பி, அறாம தைக்கறதுக்குத்தான் எங்களுக்கு சம்பளம். அறுந்துபோனா ரிஜெக்‌ஷன்ல போடுவாங்க.”

“இது அறுந்தாத்தான் பாஸுண்ணே.”

“சரி, அறல. அப்போ?”

“அப்போ கம்ப்ளைன்ட் சொல்ல நான் வரமாட்டேண்ணே.”

அவர் யோசிப்பார். பிறகு உங்கள் மேல் இருக்கிற பிரியத்தில், நல்ல பாண்டட் நைலான் நூலில், இரட்டைத் தையலாக, லாரி கட்டி இழுத்தாலும் பிரியாத மாதிரி தைத்துக்கொடுப்பார். காசு கூடக் குறைத்துத்தான் வாங்குவார். உங்கள் ஏர்பேக் இனி வெளியே வரப்போவதில்லை.

ஆகவே இதில் மட்டும் விளையாட்டு இல்லை. ஏர்பேக் சீட்டு இருக்கும் ஓரத்தைத் தொடாதீர்கள். மேலே கடையில் வாங்கிய சீட் கவரையும் மாட்டாதீர்கள். நடுப் பலகை, தலையணை, ஏர்பேக் இல்லாத பின் சீட் இவற்றை ஆசை தீரத் தையுங்கள். சீட்டைக் கழற்ற வேண்டி வந்தால் முதலில் பேட்டரி வயரை எடுத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் தெரிகிற கனெக்டர் ஏர்பேக்குடையது. சாவி போட்ட நிலையில் அதைப் பிடுங்கினால் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதை அணைக்கச் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும்.

நிறம்

சீட் வெளுத்துவிட்டது. ஷூ பாலிஷ் கையில் இருக்கிறது. ஷூவும் தோல், சீட்டும் தோல். தர்க்கம் எங்கேயும் இடிக்கவில்லை. வியாழக்கிழமை ராத்திரி நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் வெள்ளை ஜிப்பாவோடு ஏறி உட்காருங்கள். தொழுகையில் உங்களுக்குப் பின் வரிசையில் நிற்பவருக்கு, எந்த வண்டி, எந்த நிறம் என்பது முழுசாக விளங்கிவிடும்.

கார் சீட்டுத் தோலின் மேல் நிறமும் பாலியூரித்தேன் பூச்சும் ஏறியிருக்கும். மெழுகு உள்ளே இறங்க வழியில்லை, மேலேயே நிற்கும், உட்கார்ந்தவரோடு எழுந்து போகும். குப்பியில் விற்கும் விலை உயர்ந்த லெதர் கண்டிஷனர்களில் பாதி இந்தப் பூச்சின் மேல் உலாத்திவிட்டு வருவதுதான். அழுக்கெடுக்க ஈரத்துணியும் லேசான சோப்புத் தண்ணீரும் போதும்.

நிஜமாகவே நிறம் ஏற்ற வேண்டுமானால் நம் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. டேனரி ஃபினிஷிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவர் ஒருவரைப் பிடியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, பிக்மென்டையும் பைண்டரையும் தண்ணீரில் கலந்து, மெல்லிசாக நாலு தடவை ஸ்பிரே அடித்து, ஒவ்வொன்றையும் காயவிட்டு, கடைசியில் டாப் கோட் போடுவார். அடையாறில் 1948 முதல் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த வித்தை இந்தப் பேட்டையில் எவ்வளவோ பேர் கையில் இருக்கிறது. இவர்களில் ஒருவர், உங்கள் சீட்டைத் தூரத்திலிருந்து பார்த்தே, “பேஜுல கொஞ்சம் மஞ்சள் தூக்கலா இருக்கு” என்பார். கம்பெனி சர்வீஸில் இதே வேலைக்கு “சீட்டையே மாத்திடுங்க சார்” என்பார்கள். இந்தக் கையேட்டில் காசு நிஜமாகவே மிச்சமாகும் இடம் இது ஒன்றுதான், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

தோல் வாசனை

இதுதான் எனக்கு இன்றைக்கும் பிடிபடாத விஷயம். டேனரி ஏரியாவைத் தாண்டும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி.யில் வெளிக்காற்றை அடைத்துவிடுகிறார் ஓனர். அடைத்த கையோடு, டாஷ்போர்டில் இருக்கும் சென்ட் பாட்டிலை ஒரு திருகு திருகுகிறார். அதன் மேல் எழுதியிருப்பது: ‘ஒரிஜினல் லெதர்’.

வெளியிலிருந்து வருவது, முடியை உதிர்க்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு ஊறவைக்கும் கட்டத்தின் நாற்றம். அழுகிய முட்டை ஜாதி. நாம் ஆசைப்படும் வாசனை பட்டையிலும் எண்ணெயிலும் ஊறிக் கடைசியில் வருவது. குரோமியம் போட்டு நீலமாக எடுக்கும் இன்றைய தோலில் அது அவ்வளவாகக் கிடையாது. வேண்டுமென்றால் தனியாகச் சேர்க்கிறார்கள். உங்களுக்கு அசல் வேண்டுமா? ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பழைய முறையில் பதனிட்ட தோல் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, சீட்டுக்கு அடியில் போட்டுவையுங்கள். செலவு சொற்பம். மூன்று மாதத்துக்குக் குறையாது. வருகிறவர்கள் மூச்சை இழுத்து, “ஜெர்மன் வண்டின்னா ஜெர்மன் வண்டிதான்” என்பார்கள். மறுக்காதீர்கள்.

கூரைத் துணி

பழைய ஜெர்மன் வண்டி எதுவானாலும் வேலூர் வெயிலில் நாலைந்து கோடை கண்டால் உள்கூரைத் துணி தொங்கும். துணிக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடுவதுதான் காரணம். நம் ஆள் நேராக ஷூ கம்பெனிப் பசையைத் தேடிப் போவான். சோலை விடாமல் பிடிக்கிற பசை, துணியைப் பிடிக்காதா?

பிடிக்கும், பங்குனி வரைக்கும். ஷூ கம்பெனியில் அந்தப் பசையைத் தடவிக் காயவைத்து, அறுபது எழுபது டிகிரி சூட்டில் உயிர்ப்பித்துத்தான் சோலை ஒட்டுகிறார்கள். அந்தச் சூட்டில் இளகுவது அதன் தொழில். கத்திரி வெயிலில் திறந்தவெளியில் நிறுத்திய காரின் தகரக் கூரை ஏறக்குறைய அந்தச் சூட்டைத் தொடும். பசைக்கு, தான் மறுபடி கம்பெனிக்கு வந்துவிட்டதாக நினைப்பு. பைபாஸில் எண்பதில் போகும்போது துணி மொத்தமாக இறங்கி ஓட்டுநருக்கு முக்காடு போடும்.

பழைய ஸ்பாஞ்சைப் பிரஷ் போட்டுச் சுத்தமாக உதிர்த்துவிட்டு, ஸ்பாஞ்ச் ஒட்டிய புதுத் துணியை, அதிகச் சூடு தாங்கும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும் பசையால் ஒட்டுங்கள். பசைக்கு ஏன் கஞ்சம்?

தண்ணீர்

இந்த வட்டாரத்தில் கார் கழுவுவது ஒரு ரசாயனப் பரிசோதனை. பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்பில் போட்டு வருகிறது. தோல் ஷாப்பில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவிவிடுவது. கழுவிய உப்பு எங்கே போயிற்று என்பது பாலாற்றங்கரையில் கிணறு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில், தோல் பேட்டையில் 35,000 ஹெக்டேருக்குக் கிட்ட நிலம் பாதியோ முழுசோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாகச் சொன்ன ஆய்வு பதிவாகியிருக்கிறது. கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தில் ஆழமாக ஊன்றிய வழக்குகளில் ஒன்று இது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி உத்தரவு போட்டது. கிணறு இன்னும் உப்புத்தான் கரிக்கிறது.

அந்த போர் தண்ணீரில் கறுப்பு பென்ஸைக் கழுவி வெயிலில் விடுங்கள். பத்து நிமிஷத்தில் பானட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் பூக்கும், ஓரம் கெட்டியாக, நடு மெல்லிசாக. நகத்தால் சுரண்டினால் பெயின்டோடு வரும். வினிகரைத் தண்ணீரில் கலந்து துணியில் தொட்டு, நிழலில் வைத்துத் துடைத்து, உடனே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் போய்விடும். அடுத்த முறையிலிருந்து கேன் தண்ணீர். வீட்டில் குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுகிறானே என்று அம்மா கத்துவார்கள். நியாயமான கத்தல்தான்.

பானட் பரவாயில்லை. ரேடியேட்டரில் இந்தத் தண்ணீரை ஊற்றினால் அலுமினிய எஞ்சினை உள்ளிருந்து உப்பு அரிக்கும். கம்பெனி சொன்ன கூலன்ட், அதோடு பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். வேறெதுவும் வேண்டாம். கூலன்ட் டேங்க் பிளாஸ்டிக், வெடிக்கும். அதற்கு எம்-சீல் பூசுகிறவர்கள் வாணியம்பாடியைத் தாண்டி மேட்டில் ஏறும்போது ஒரு துண்டும் இரண்டு கேன் தண்ணீரும் வைத்துக்கொள்ளவும்.

மற்ற உறுப்புகள்

ஏர் சஸ்பென்ஷன் வண்டி ராத்திரி நின்ற இடத்தில் காலையில் ஒட்டகம் மண்டியிட்ட மாதிரி முன்னங்கால் மடக்கிக் கிடந்தால், ரப்பர் பையில் எங்கோ காற்று போகிறது. சோப்புத் தண்ணீர் அடித்துக் குமிழி தேடுங்கள், பஞ்சர் கடை முறையேதான். அப்படியே விட்டால் கம்ப்ரஸர் ஓடி ஓடிச் சாகும், அப்புறம் இரண்டு செலவு. லாரி பட்டறையில் கட்டை வைத்துத் தரச் சொல்லாதீர்கள், வைத்துத் தந்துவிடுவார்கள்.

பி.எம்.டபிள்யூ.வுக்குப் பேட்டரி மாற்றினால் மட்டும் போதாது. மாற்றியதை வண்டியின் கம்ப்யூட்டரிலும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய பேட்டரிக்குப் போட்ட மாதிரியே புதுசுக்கும் சார்ஜ் போட்டு அதையும் சீக்கிரம் கிழவனாக்கிவிடும். எஞ்சின் விளக்கு எரிந்தால் சில நூறு ரூபாய் ஓ.பி.டி. கருவியை மாட்டி, செல்போனில் கோடு படித்துக்கொள்ளலாம். அழிக்கவும் செய்யலாம். அழித்தால் விளக்குதான் அணையும், கோளாறு அணையாது. விற்கிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். உங்களுக்கு விற்றவர் உட்பட.

அலங்காரம்

கறுப்பு ஃபிலிம் ஒட்ட ஆசையிருந்தால், கண்ணாடியில் ஃபிலிமே கூடாது என்று 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவில் வையுங்கள். கண்ணாடி செய்யும்போதே இருக்கும் நிறம் மட்டும்தான் என்பது அந்தத் தீர்ப்பு. அதிலும் முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கத்தில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே போக வேண்டும். முன்னால் குழாய் வளைத்து பம்பர் கார்டு மாட்டுவதை 2017 டிசம்பரில் மத்திய அரசு தடுத்தது. காரணம் மறுபடியும் ஏர்பேக். மோதலின் அதிர்ச்சியைக் குழாய் திருப்பிவிட்டால் சென்ஸருக்குச் சேதி சரியாகப் போகாது. டெய்லரும் வெல்டரும் சேர்ந்தால் அந்தப் பைக்கு வேலையே இல்லாமல் செய்துவிடலாம். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் அதையும் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்லிவிட்டது. 2019-ல் வேலூர் மாவட்டத்தையே மூன்றாக மாற்றினார்களே, அதைக் கேட்டார்களா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் வாதாட வேண்டாம்.

பொறுத்திருப்பவர்களுக்கு

கடைசியாக ஒரு வழி. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே தயாராகும் என்பது அன்றைய அறிவிப்பு. இதன் அர்த்தம் நம் ஆட்களுக்கு உடனே புரிந்துவிட்டது. ஷூ கம்பெனி வந்த ஊரில் என்ன நடந்தது? பைபாஸ் ஓரத்தில் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ கடைகள் வந்தன. இத்தாலிக்குப் போக வேண்டிய ஷூ, ஒரு தையல் கோணியதால் நம் காலுக்கு வந்தது. ஜோடியில் இரண்டுமே இடது கால் என்பதால் பாதி விலைக்கும் கிடைத்தது.

ரேஞ்ச் ரோவருக்கும் அப்படி ஒரு கடை வரும் என்று ஆம்பூரில் இப்போதே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பனப்பாக்கம் பக்கத்தில் மச்சான், சகலை, சித்தப்பா பையன் என்று யார் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியலும் தயார். வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: பக்கக் கண்ணாடி வாங்கும்போது இரண்டும் ஒரே பக்கத்துக் கண்ணாடி இல்லையே என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். சர்ப்ளஸ் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள்.